மழை பிடிச்சதும் சோப்புக்கு வியர்க்குது, என்ன பண்ண?

நுரைக்குமிழி:
வணக்கம். கோல்ட் பிராசஸ் (எண்ணெயையும் காஸ்டிக் சோடா கரைசலையும் வேக வைக்காம கலந்து செய்யறது) சோப்பு போட்டு ரேக்கில் காய வச்சிருக்கேன். மழை ஆரம்பிச்சதிலிருந்து மேலே முத்து முத்தா தண்ணி. துடைச்சாலும் காலையில் மறுபடி நிக்குது. பக்கத்திலேயே சோப் பேஸ் (ரெடிமேடா வர்ற சோப்புக் கட்டி) உருக்கி ஊத்தினது இருக்கு, அது இன்னும் மோசம். லை (காஸ்டிக் சோடா கரைசல்) கூடிப்போச்சோ? தூக்கிப் போட்டுடவா?

சோப்புக்காரி:
அடடா, போட்டுடாதீங்க! எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேரும்போது சோப்போட கிளிசரினும் உண்டாகும். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். அதான் இந்த வியர்வை. சோப் பேஸ்ல தனியா கிளிசரின் வேற சேர்த்திருப்பாங்க. அதை ரேக்கில் வைக்கிறதே வீண் வேலை, அச்சிலிருந்து எடுத்து ஆறினதும் கிளிங் ஃபிலிம் சுத்திடுங்க. கோல்ட் பிராசஸை மட்டும் சுத்தாதீங்க, அதுல தண்ணி வெளியேறியாகணும்.

காய நாலு வாரம், ஆறு வாரம்னு காலண்டரை நம்பாதீங்க. ஒரே கட்டியை வாரம் ஒருதடவை டிஜிட்டல் தராசுல வச்சு எடையைக் குறிச்சு வாங்க. இறங்கறது நின்னாத்தான் காய்ஞ்சதா அர்த்தம். அடைமழையில எடை கொஞ்சம் ஏறக்கூட செய்யும், பதறாதீங்க.

அடுத்த தடவை தண்ணியைக் குறைங்க. சோப்புக்கான அளவு கணக்கு போடற சில கால்குலேட்டர் எண்ணெய் எடையில 38% தண்ணின்னு காட்டும், அதாவது 500 கிராம் எண்ணெய்க்கு 190 கிராம். காஸ்டிக் 72 கிராம்னு வந்தா, அதுக்கு இரண்டு மடங்கு, 144 கிராம் போதும். ட்ரேஸ் (கலவை கெட்டியாகி மேலே கோடு நிக்கிற பதம்) சீக்கிரம் வந்துடும், அதனால கலர் சுழிக்கிற ஆசையை வெயில் காலத்துக்கு வச்சுக்கோங்க.

தராசுத்தட்டு:
ஃப்ரிட்ஜுல வச்சா நல்லா இறுகிடுதே?

சோப்புக்காரி:
இறுகும் சகோ, ஆனா வெளியே எடுத்த உடனே ஜில்லுனு இருக்கிற சோப்பு மேல காத்து ஈரம் படியும். துடைச்சது எல்லாம் வீண். ஃபேனைப் போட்டு, குளியலறை, சமையலறைப் பக்கம் இல்லாத அறையில வைங்க. டீஹ்யூமிடிஃபையர் (காத்து ஈரத்தை எடுக்கிற மெஷின்) இருந்தா ராஜயோகம்.

இன்னொண்ணு, காஸ்டிக் டப்பாவைத் திறந்தே வைக்காதீங்க. அது கிளிசரினை விட பேராசைக்காரன். ஈரத்தை இழுத்து கட்டி தட்டும், காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடோட சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா சோடியம் கார்பனேட்டா மாறும். தராசுல 72 காட்டும், உள்ளே அவ்வளவு காஸ்டிக் இருக்காது. சோப்பு கொழகொழன்னு நின்னா பலர் எண்ணெயைத்தான் திட்டுவாங்க!

நுரைக்குமிழி:
ரொம்ப நன்றி அக்கா. சோப்பு சீக்கிரம் இறுகட்டும்னு லையில ஒரு ஸ்பூன் உப்பு போட்டிருக்கேன். அதுவும் சேர்ந்துதான் வியர்க்குதா?

சோப்புக்காரி:
உப்பும் ஈரம் இழுக்கும்மா. மழைக்கால ரெசிபில அதை விட்டுடுங்க. இப்போ இருக்கிறதை ஒத்தி எடுத்துட்டு, ரேக்கில் இடைவெளி விட்டு அடுக்குங்க. கம்பி ரேக்னா மேலே காகிதம் விரிச்சுடுங்க, இரும்பு பட்ட இடத்துல ஆரஞ்சுப் புள்ளி சீக்கிரம் வரும்.