ஆஃப்-ஃப்ளேவர்: ‘வழுச்சுவை’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து நண்பர்கள் வார இறுதியில் பெங்களூர் போய், அங்குள்ள மைக்ரோப்ரூவரிகளில் (சிறு பீர் ஆலைகளில்) காய்ச்சும் கிராஃப்ட் பீர்களைச் சுவைக்கும்போது கையில் வைத்துக்கொள்ள ஒரு தமிழ்ச் சுவைப்புத் தாள் தயாராகி வருகிறது. மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), ஈஸ்ட் (நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்), லாகர், ஏல் (பீரின் இரு பெரும் வகைகள்) ஆகியவற்றை அப்படியே எழுதலாம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ‘ஆஃப்-ஃப்ளேவர்’, அதாவது பீரில் வரக்கூடாத இடத்தில் வரும் சுவை அல்லது மணம், அதற்கான தமிழ்ச் சொல் மட்டும் இழுபறியில் நிற்கிறது. வந்திருக்கும் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

> தீச்சுவை

வேண்டாம். ‘தீஞ்சுவை’ என்றால் இனிய சுவை. ஓர் ஒற்று மாறினால் பொருள் தலைகீழாகிவிடும்.

> அயல்சுவை

வெளியிலிருந்து வந்து கலந்தது என்று ஆகிவிடுகிறது. வெண்ணெய் வாடை தரும் டையசெட்டைல் என்ற சேர்மத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நொதிக்கும்போது ஈஸ்ட் வெளியே விடும் அசெட்டோலாக்டேட் என்ற பொருளிலிருந்து அது தானாகவே உண்டாகிறது. நல்ல பீரிலும் உண்டாகும். நொதிப்பு முடியும் தறுவாயில் லாகரை 15 முதல் 18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விட்டால், அதே ஈஸ்ட் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். தொட்டி சீக்கிரம் காலியாக வேண்டுமென்று அதற்கு முன்பே குளிரவைத்தால் தங்கிவிடும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே பழகிய மூக்குக்கு வெண்ணெய் வாடை தட்டுப்படும். இதில் அயல் எங்கே இருக்கிறது?

> ஊசல்

அருமையான சொல். ஆனால் ஊசிப்போவது நுண்ணுயிரால். பீர் வரும் குழாயைக் கழுவாத இடத்தில் வரும் புளிப்புக்குப் பொருந்தும். வெயில் பட்ட பீருக்கும் காற்றுப் பட்ட பீருக்கும் பொருந்தாது.

> கெட்ட சுவை

இப்படிப் போட்டால், தனக்குப் பிடிக்காததையெல்லாம் ஆள் அதில் குறித்துவிடுவார். ஹாப்ஸ் மிகுந்த ஏல் வகையான ஐ.பி.ஏ.வின் கசப்பு குறையல்ல, அந்த வகையின் குணம்.

என் முன்மொழிவு ‘வழுச்சுவை’. இலக்கணத்தில் வழாநிலை (பிழையின்றி நிற்பது), வழு (பிழை), வழுவமைதி (பிழையானாலும் காரணம் கருதி ஏற்பது) என்று மூன்று நிலை உண்டு. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழுதான். அன்பினால் சொன்னதால் அமைதியாக ஏற்கிறோம். பீருக்கு இந்த மூன்றும் அப்படியே வேண்டும். ஐசோஅமைல் அசிட்டேட் என்ற சேர்மம் தரும் வாழைப்பழ மணம் ஜெர்மன் கோதுமை பீரான ஹெஃபெவைசனில் வழாநிலை. அது இல்லாவிட்டால்தான் குறை. பில்ஸ்னர் என்ற வெளிர் லாகரில் அதே மணம் வழு. செக் லாகரில் இலேசான வெண்ணெய் வாடை வழுவமைதி. ஆடிக்கூழில் எதிர்பார்க்கும் புளிப்பு காலையில் வடித்த சோற்றில் மதியம் வந்தால் ஏற்கமாட்டோம் அல்லவா? எந்த வகையில் வருகிறது என்று சொல்லாமல் ஒரு மணத்தை மட்டும் குற்றம் என்று எழுத முடியாது. இவ்வளவையும் தாங்கும் சொல் வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

தாளில் வழுக்களுக்கு வேதிப்பெயரைத் தலைப்பாக வைக்க வேண்டாம். மூக்குக்குத் தெரிவது தலைப்பு, காரணம் அதன் பக்கத்தில்.

வெண்ணெய் வாடை: டையசெட்டைல். இதைச் ‘சிக்கு வாடை’ என்று ஒருவர் எழுதியிருந்தார்; சிக்கு பழைய எண்ணெய்க்கு உரியது, இரண்டையும் குழப்பக் கூடாது.

சோள வாடை: டைமெத்தில் சல்ஃபைடு. வெந்த மக்காச்சோளம், சில நேரம் வெந்த முட்டைக்கோஸ். வெளிர்நிற மால்ட்டில் உள்ள ஒரு பொருள் சூட்டில் உடைந்து பிறப்பது. மால்ட் சாற்றை மூடாமல் 60 முதல் 90 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். மூடிபோட்டுக் கொதிக்கவிட்டாலோ, பிறகு மெதுவாக ஆறவிட்டாலோ தங்கும். பெங்களூர் கடல்மட்டத்துக்குமேல் 900 மீட்டர் உயரம். தண்ணீர் அங்கே ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் அங்கே காய்ச்சுபவர்கள் கூடுதல் நேரம் கொதிக்கவிட வேண்டும்.

பறங்கிக்காய் வாடை: அசெட்டால்டிஹைடு. வெளிநாட்டுத் தாள்களில் பச்சை ஆப்பிள் என்றிருக்கும். நமக்குப் பழக்கமானது, அப்போதுதான் அரிந்த பறங்கிக்காயின் உட்புறம். முதிராமல் இறக்கிய பீரின் அடையாளம்.

அட்டை வாடை: நனைந்த அட்டைப்பெட்டி. ஆக்சிஜனும் சூடும் சேர்ந்து செய்வது. 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள் மூன்றும் பீருக்கு ஒரே அளவு முதுமை என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. வேலூர் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. பாட்டில் பீரில் இந்த வாடை வந்தால் காய்ச்சியவரைக் குறை சொல்லுமுன் அது எங்கே அடுக்கப்பட்டிருந்தது என்று கேளுங்கள்.

--

அக்கா, வணக்கம்.

வழுவமைதி விளக்கம் நெஞ்சில் பதிந்தது. சில தடைகளைச் சொல்லிவிடுகிறேன்.

> வழுச்சுவை

கணினித் தமிழில் நிரலில் உள்ள பிழையைக் குறிக்கும் ‘பக்’ என்பதற்கு ‘வழு’ என்று ஏற்கெனவே புழங்குகிறோம். குழப்பம் வராதா? அடுத்து, சுவை நாக்குக்கு உரியது. நீங்கள் எழுதிய நான்கும் மூக்கு அறிவது. சுவை என்ற சொல் அங்கே நிற்குமா?

வெயில் பட்ட பீருக்கு ‘மரநாய் வாடை’ என்று தனிமடலில் ஒருவர் அனுப்பியிருந்தார். அமெரிக்கர் சொல்லும் ஸ்கங்க் என்ற விலங்கு நம் ஊரில் இல்லை என்பதால் பக்கத்தில் இருப்பதைப் பிடித்திருக்கிறார்.

தாளின் பின்பக்கத்தில் சுவைக்கும் முறையும் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. வழுவைக் கண்டுபிடிப்பதைவிட, இல்லாத வழுவை எழுதிவைப்பதுதான் அதிகம் நடக்கிறது.

--

தம்பி, நல்ல கேள்விகள்.

கணினியில் ‘வழு’ தனிச்சொல்லாக வருகிறது, இங்கே கூட்டுச்சொல்லாக. இரண்டும் ‘நெறியிலிருந்து விலகியது’ என்ற ஒரே வேரில் நிற்பதால் எனக்கு அது இடைஞ்சலாகத் தெரியவில்லை.

சுவையா மணமா என்பதற்கு வாயே விடை சொல்லும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் விழுங்குங்கள். அப்போது தெரிவது கசப்பு, புளிப்பு, இனிப்பு, உவர்ப்பு மட்டும். விரலை எடுத்ததும் தொண்டை வழியாக மேலேறி வருவதுதான் வாடை. ஆகவே பொதுத்தலைப்பு வழுச்சுவை. உட்தலைப்புகளில் மூக்கு அறிவது ‘வாடை’ என்றும் நாக்கு அறிவது ‘புளிப்பு’, ‘கரகரப்பு’ என்றும் முடியட்டும். காடிப்புளிப்பு (வினிகர் புளிப்பு) இரண்டிலும் வரும். அதைத் தனியாக வைப்போம்.

மரநாயை விட்டுவிடலாம், அதன் வாடை வேறு. ஹாப்ஸின் கசப்புப்பொருள் வெளிச்சத்தில் உடைந்து ஒரு கந்தகச் சேர்மம் உண்டாகிறது. லிட்டருக்கு சில நானோகிராம் போதும், மூக்கு பிடித்துவிடும். வெள்ளை பாட்டிலும் பச்சை பாட்டிலும் அந்த ஒளியைத் தடுப்பதில்லை, பழுப்பு பாட்டில் பெருமளவு தடுக்கும். மொட்டைமாடி மேசையில் வெயில் விழும் இடத்தில் கண்ணாடிக் குவளையை வைத்தாலும் சில நிமிடங்களில் தொடங்கிவிடும். இந்த ஒன்றுக்கு மட்டும் காரணத்தையே பெயராக்கி ‘வெயில் வாடை’ என்போம். பெயரைப் படிப்பவர் குவளையை நிழலுக்கு நகர்த்துவார்.

பின்பக்கத்துக்கு என் வரைவு:

ஒருவருக்கு 100 மில்லி வீதம் ஐந்து குவளை போதும். 5 சதவீதப் பீர் என்றால் அதிலேயே ஏறத்தாழ 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. வண்டி ஓட்ட வேண்டாம். காட்பாடியிலிருந்து ரயில் இருக்கிறது. வெளிர் லாகரில் தொடங்கி, கோதுமை பீர், பேல் ஏல், ஐ.பி.ஏ., கடைசியாகக் கருநிற ஸ்டௌட். வரிசை மாறினால் ஐ.பி.ஏ.வுக்குப் பின் லாகர் வெறும் தண்ணீராகத் தெரியும். பனிக்குளிரில் மணம் எழும்பாது. ஏலை 8 முதல் 12 டிகிரிவரை ஏறவிட்டு முகருங்கள். முகர்ந்து எழுதியபின் குடியுங்கள்.

போகும் வழியில் ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டால் இரண்டு மணி நேரமாவது கழியட்டும். பூண்டு மூக்கை அடைக்கும், உதட்டு எண்ணெய் நுரையைக் குலைக்கும். இடையில் தண்ணீரும் உப்பில்லாத பொரியும் போதும்.

குவளையின் உட்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அது சரியாகக் கழுவாத குவளை. நுரை நிற்கவில்லை என்று எழுதுமுன் வேறு குவளை கேளுங்கள். ஒரே இடத்தில் பல வகைகளிலும் வெண்ணெய் வாடையும் புளிப்பும் சேர்ந்து வந்தால் குழாயைச் சந்தேகியுங்கள்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரக்கரைசல் ஓட்டிக் கழுவ வேண்டியது அது. ஒரு வகையில் மட்டும் வந்தால் காய்ச்சியதில் பிழை இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி தாளில் மூன்று பத்தி: ‘வழுச்சுவை’, ‘எந்த வகையில் வழுவமைதி’, ‘குவளையா, குழாயா, காய்ச்சிய முறையா’. மூன்றாவதை நிரப்ப முடியாதவர் வெறுமையாக விடலாம். ஊகித்து எழுத வேண்டாம் என்று தலைப்பிலேயே போட்டுவிடுங்கள், தம்பி.