நுரையீரல்ல ஒரு மடல எடுத்தா மூச்சு எப்ப பழையபடி திரும்பும்?

செங்காங் மகள்:
அப்பாவுக்கு 68 வயசு, வலது மேல் மடல்ல புற்றுநோய் கட்டி, ஆபரேஷன் பண்ணனும்னு சொல்லிட்டாங்க. சின்ன துளை வழியா பண்ற கீஹோலா, நெஞ்ச திறந்தானு அடுத்த வாரம் டாக்டர்கிட்ட பேசணும். எதுல மூச்சு சீக்கிரம் திரும்பும்? தினம் ஈரச்சந்தைக்கு நடந்தே போயிட்டு வர்றவரு, அது நின்னுடுமோனு பயமா இருக்கு.

பிசியோ தம்பி:
அக்கா, ஆரம்பத்துல கீஹோல்தான் நல்லது. விலா எலும்ப விரிக்கிறதில்ல, அதனால வலி கம்மி, வலி கம்மினா ஆழமா மூச்சு இழுக்கலாம், இருமி சளிய வெளிய தள்ளலாம், இல்லன்னா சளி தேங்கி நிமோனியா வரைக்கும் போயிடும். ஆனா மாசக்கணக்குல பாத்தா அந்த வித்தியாசம் குறைஞ்சிடும், கடைசில எவ்வளவு எடுத்தாங்கங்கிறதுதான் முக்கியம். வலது பக்கம் 3 மடல் இருக்கு, மிச்சம் ரெண்டும் விரிஞ்சு இடத்த ஓரளவு நிரப்பும்.

பீஷான்வாசி:
கட்டி 2 செ.மீ.க்குள்ள ஓரமா இருந்தா, மடல் முழுசா எடுக்காம அதுல ஒரு பகுதி மட்டும் எடுக்க முடியுமானு கேளுங்க. 2022ல ஜப்பான் ஆய்வு ஒண்ணு வந்துச்சு, முழு மடல் எடுத்தவங்களுக்கும் பகுதி மட்டும் எடுத்தவங்களுக்கும் ஒரு வருஷம் கழிச்சு ஊதுற சக்தில வித்தியாசம் 3.5 சதவீதம்தான். அதனால மூச்ச மட்டும் வச்சு முடிவெடுக்காதீங்க, நோய் முழுசா போறதுதான் முதல்ல.

ஈசூன் அண்ணன்:
எங்கம்மாவுக்கு திறந்துதான் பண்ணாங்க. மூச்சுப் பயிற்சிக்கு மூணு பந்து போட்ட டப்பா குடுப்பாங்கம்மா, அத ஊதக்கூடாது, மெதுவா உள்ள உறிஞ்சணும். இருமும்போது தலையணைய நெஞ்சோட அணைச்சுக்க சொல்லுங்க. அப்பா சிகரெட் பிடிச்சா இன்னிக்கே நிறுத்தட்டும்.