கணினியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தபோது: உங்கள் வகுப்பில் என்ன நடந்தது?

அறிவியல் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்:

ஏழாம் வகுப்பு மின்னியல் பாடத்தைப் பல ஆண்டுகள் காணொளி போட்டுத்தான் நடத்தினேன். பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள், தேர்விலும் எழுதிவிடுவார்கள். ஆனால் "இரண்டு பல்பை ஒன்றன்பின் ஒன்றாக, தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும்?" என்று கேட்டால், பாதி வகுப்பு "முதல் பல்பு" என்று சொல்லும். முதல் பல்பு தின்றது போக மிச்சம்தான் அடுத்ததற்கு என்பது அவர்கள் கணக்கு. கடைமடைக்குத் தண்ணீர் குறைந்து வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அப்படி நினைப்பதில் தப்பே இல்லை.

சென்ற ஆண்டு உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் கணினிக்கு மூவராக உட்காரவைத்தேன். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' (PhET) திட்டத்தில், திரையிலேயே மின்சுற்று அமைத்துப் பார்க்கும் பாவனைச் செயலி ஒன்று உண்டு. இலவசம்தான்; இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். விடையை நோட்டில் எழுதிய பிறகுதான் சுட்டியைத் தொடலாம் என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

வகுப்பில் வாயே திறக்காத சிறுமி ஒருத்தி, 9 வோல்ட் மின்கலத்தோடு இரண்டு பல்புகளை இணைத்தாள். முதல் பல்புக்கு முன்னால், மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வைத்தாள்: 0.45 ஆம்பியர். இரண்டுக்கும் நடுவில் 0.45. கடைசியிலும் 0.45. மறுபடி முதலிலிருந்து வைத்துப் பார்த்தாள். "டீச்சர், குறையவே இல்லை. அப்படியென்றால் பல்பு எதை வைத்து எரிகிறது?"

அந்த ஒரு கேள்விக்கு இரண்டு பாடவேளைகள் போயின. சந்தோஷமாகக் கொடுத்தேன்.

மறுநாள் உண்மையான டார்ச் பல்புகளை இணைத்தோம். ஒன்று மங்கலாக எரிந்தது. "பார்த்தாயா, இரண்டாவது பல்பு!" என்று பையன்கள் கத்தினார்கள். அவள் எழுந்து வந்து இரண்டையும் இடம் மாற்றி மாட்டினாள். மங்கலானது முதல் இடத்திலும் மங்கலாகவே எரிந்தது. இடத்தில் ஒன்றுமில்லை, பல்பில்தான் வேறுபாடு என்று அவளே சொன்னாள். திரையோடு நிறுத்தியிருந்தால் இது கிடைத்திருக்காது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்:

எங்களிடம் ஆய்வகம் கிடையாது, என் கைப்பேசி மட்டும்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பதைப் பதிவு செய்து அவர்களுக்கே போட்டுக் காட்டுகிறேன். 'பழம்' என்பதைப் 'பளம்' என்று வாசித்த பையனை நான் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். தன் குரலைக் கேட்டதும், "சார், அழித்துவிடுங்கள், மறுபடி வாசிக்கிறேன்" என்றான். ஐந்தாவது பதிவில் ழகரம் வந்துவிட்டது.

கணித ஆசிரியர்:

டீச்சர், ஒரு சந்தேகம். நான் ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலியில் முக்கோணம் வரையச் சொன்னால், மூவரில் கெட்டிக்காரன் கையை விட்டுச் சுட்டி நகர்வதே இல்லை. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அறிவியல் ஆசிரியை:

சார், சுட்டி வைத்திருப்பவர் தானாக எதுவும் செய்யக்கூடாது, மற்ற இருவரும் சொல்வதை மட்டுமே செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேசையைத் தட்டுவேன், கை மாறும்.