ஸ்பானிஷ் அசை பிரிப்பு: கொஞ்சம் உதவுங்களேன்

வணக்கம். ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருக்கிறேன், அசை பிரிப்பதில் மாட்டிக்கொண்டேன். காலை உணவுக்கு 'தெஸாயூனோ'. 'தெஸ்' முன்னொட்டு, 'ஆயூனோ' நோன்பு. அதாவது நோன்பை விடுவது. அருமையான சொல்! ஆனால் உச்சரிக்கும்போது தெ-ஸா-யூ-னோ. இரண்டு உயிருக்கு நடுவே வரும் ஒற்றை மெய் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது, நம் புணர்ச்சி மாதிரி. சரி.

'சுப்லீமே' என்பதில் ப், ல் இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன: சு-ப்லீ-மே. அப்புறம் அடிக்கோடிடுவதற்கான 'சுப்ராயார்' மட்டும் ஏன் சுப்-ரா-யார்? 'ராயா' என்றால் கோடு என்பதாலா? அப்படியானால் வேர் தெரியாத சொல்லை எப்படிப் பிரிப்பது? போதாததற்கு விளையாட்டு வீரர் ஸ்பெயினில் பெரும்பாலும் அத்-லே-தா, மெக்சிகோவில் அ-த்லே-தா!

ஏதாவது குறுக்குவழி இருந்தால் சொல்லுங்கள். அடுத்த வாரம் தேர்வு.