மூலையில் எழும் வைரஸ் எச்சரிக்கைகளை நிறுத்துவது எப்படி?

வெள்ளவத்தைவாசி:
வணக்கம். என் தாயாரின் மடிக்கணினியில் இரண்டு வாரங்களாக, திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில், கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன என்றும் பரிசு காத்திருக்கிறது என்றும் சொல்லும் பெட்டிகள் ஓயாமல் எழுகின்றன. காலையில் மரண அறிவித்தல்களையும் இரவில் தவறவிட்ட தொடர்நாடகங்களையும் பார்ப்பதற்கு மட்டுமே அவர் அதைப் பயன்படுத்துகிறார். காலி வீதியில் ஒரு கடையில் கொடுத்தபோது வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் ஒன்றை நிறுவி 4,500 ரூபா வாங்கினார்கள். மறுநாள் காலைத் தேநீர் ஆறுவதற்குள் பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன. நானும் குரோம் உலாவியில் ஒரு விளம்பரத் தடுப்பானைச் சேர்த்தேன். பக்கங்களுக்குள் இருந்த விளம்பரங்கள் மறைந்தன, மூலையில் எழுபவை மட்டும் அசையவில்லை. எல்லாவற்றையும் அழித்து ஃபோமட் செய்வதைத் தவிர வேறு வழி இல்லையா?

கொழும்பு13:
ஃபோமட் செய்ய வேண்டாம். உங்கள் தாயாரின் கணினியில் வைரஸ் இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. அடுத்த பெட்டி எழும்போது அதிலுள்ள சிறிய எழுத்து வரியைப் பாருங்கள். குரோமின் பெயரும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் இருந்தால், அது அந்தத் தளம் அனுப்பும் அறிவித்தல். தொடர்நாடகங்களைத் திருட்டுத்தனமாக ஏற்றும் தளங்களில் பெரும்பாலும் ஒரு வெற்றுப் பக்கம் திறந்து, "நீங்கள் இயந்திரம் அல்ல என்று காட்ட 'அலவ்' என்பதை அழுத்துங்கள்" என்று கேட்கும். படம் பார்க்கும் அவசரத்தில் யாரும் அழுத்திவிடுவார்கள். 2015 ஏப்ரலில் வெளிவந்த குரோம் 42 முதல், ஒரு தளத்துக்கு இந்த அனுமதியை ஒருமுறை கொடுத்துவிட்டால், அதன் பக்கத்தை மூடிய பின்னரும் அது செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கலாம். கதவைத் திறந்து விட்டவர் வீட்டுக்காரரே என்பதால் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளுக்கு இதில் பெரிதாக வேலையில்லை.

குரோமில் 'செட்டிங்ஸ்', அதில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', பின்னர் 'நோட்டிபிகேஷன்ஸ்' என்று செல்லுங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். பழக்கமில்லாத முகவரி ஒவ்வொன்றுக்கும் அருகிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'பிளாக்' செய்யுங்கள். 'ரிமூவ்' செய்தால் அந்தத் தளம் மீண்டும் வந்து கேட்கக்கூடும்; 'பிளாக்' செய்தால் கேட்காது. அதே பக்கத்தின் மேற்பகுதியில், எந்தத் தளமும் அறிவித்தல் அனுப்ப இயலாதவாறு மாற்றும் தெரிவும் உண்டு.

பழைய மென்பொருளாளன்:
மேலே சொன்னது சரி. விளம்பரத் தடுப்பான் ஏன் உதவவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். பக்கம் திறக்கும்போது அது வேண்டி அழைக்கும் கோப்புகளைப் பட்டியலோடு ஒப்பிட்டு, விளம்பர முகவரிகளை மறிப்பதே தடுப்பானின் வேலை. அறிவித்தலோ பக்கத்தின் வழியாக வருவதில்லை; உலாவியின் பின்னணியில் பதிந்திருக்கும் ஒரு சிறு நிரல் அதைப் பெற்றுக் காட்டுகிறது. ஆகவே இரண்டையும் தனித்தனியாகத் தீர்க்க வேண்டும்.

எந்தத் தடுப்பானைச் சேர்த்தீர்கள் என்று சொல்லவில்லையே. பெயரைச் சரிபாருங்கள். 2018இல், பிரபல தடுப்பான்களைப் போல வேடமிட்ட ஐந்து நீட்சிகளை (உலாவியோடு சேர்க்கும் சிறு நிரல்களை) குரோமின் இணையக் கடையிலிருந்து கூகுள் நீக்க நேர்ந்தது. அவற்றை இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் நிறுவியிருந்தார்கள். ரேமண்ட் ஹில் உருவாக்கிய 'யூபிளாக் ஒரிஜின்' நம்பகமானது, ஆனால் 'ஒரிஜின்' என்ற சொல் இல்லாத யூபிளாக் வேறொன்று. நீட்சிகளுக்கான விதிகளைக் கூகுள் மாற்றியதால், குரோமில் இப்போது யூபிளாக் ஒரிஜினின் 'லைட்' பதிப்பே கிடைக்கிறது. முழுப் பதிப்பு பயர்பாக்ஸ் உலாவியில் இயங்குகிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அம்மாவைப் பயர்பாக்ஸுக்கு மாற்றிவிடுவேன். 2020 ஜனவரியில் வந்த 72ஆம் பதிப்பு முதல், நாம் பக்கத்தில் எதையும் தொடாதவரை அறிவித்தல் அனுமதிப் பெட்டி தானாக எழுவதையும் அது நிறுத்திவிட்டது.

கொழும்பு13:
கைத்தொலைபேசியிலும் இதே தொல்லை இருந்தால், அண்ட்ராய்டு குரோமில் நீட்சி எதையும் சேர்க்க இயலாது, அண்ட்ராய்டு பயர்பாக்ஸில் இயலும். ஒரு வேண்டுகோள்: நீங்கள் அன்றாடம் வாசிக்கும் தமிழ்ச் செய்தித்தளங்களுக்கு மட்டும் தடுப்பானை நிறுத்தி வையுங்கள். அவற்றில் பலவும் விளம்பரப் பணத்தில்தான் மூச்சுவிடுகின்றன.

வெள்ளவத்தைவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. பட்டியலில் 17 தளங்கள் இருந்தன. பதினாறைப் 'பிளாக்' செய்த பின் நேற்று மாலையிலிருந்து ஒரு பெட்டியும் எழவில்லை. பதினேழாவது மரண அறிவித்தல் தளம். அதையும் அடைக்கப் போனபோது அம்மா கையைப் பிடித்துவிட்டார். "அதை எடுத்தால் ஆர் செத்ததெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். அதை அப்படியே விட்டிருக்கிறேன். வார இறுதியில் பயர்பாக்ஸை நிறுவிப் பார்க்கிறேன்.