புதுப்பிப்பு: கிரனாதாவில் நான்கு மாதம், இன்னும் ஊர் திரும்பவில்லை

செப்டம்பரில் புலம்பியிருந்தேனே, ஸ்பெயினின் கிரனாதாவுக்குப் படிக்க வந்து, முகவரியைப் பதிய வீட்டுக்காரர் விடவில்லை, யார் பேசுவதும் புரியவில்லை, ஏழு மணிக்குச் சோறு கிடைக்கவில்லை என்று. அதன் தொடர்ச்சி இது.

பதிவு முடிந்தது. எம்பத்ரோனமியென்தோ என்பார்கள். வாடகை ஒப்பந்தம் என் பெயரிலேயே இருப்பதால் வீட்டுக்காரர் தலையாட்டவே தேவையில்லையாம், நகராட்சியில் ஒரு அம்மா சொன்னார், நான் மூன்று வாரம் அவர் பின்னால் அலைந்ததுதான் மிச்சம். அப்புறம் விரல்ரேகை கொடுத்து வெளிநாட்டு மாணவருக்கான குடியிருப்பு அட்டையும் வாங்கியாயிற்று.

மொழியில் தப்பு என்னுடையது மட்டுமில்லை. அந்தலூசியாக்காரர்கள் (கிரனாதா இருக்கும் தென்பகுதி மாநிலத்தவர்) சொல்லின் கடைசி 'ஸ்'ஸை விழுங்கிவிடுகிறார்கள், 'லாஸ் தோஸ்' (இரண்டு மணி) என்று நான் படித்தது இங்கே 'லா தோ'. அது பிடிபட்டதும் பாதி புரிகிறது.

சாப்பாடு? மதியம் இரண்டரைக்கு, இரவு ஒன்பதரைக்கு, வயிறு பழகிவிட்டது. இந்த ஊரில் ஒரு பானம் வாங்கினால் ஒரு சின்னத் தட்டு தாபாஸ், அதாவது நொறுக்குத் தீனி, இலவசமாக வரும், பியர்தான் வேண்டும் என்றில்லை, மூன்று குளிர்பானத்தோடு இரவுச் சாப்பாடே முடிந்துவிடும். (சைவம் என்றால் கொஞ்சம் திண்டாட்டம்.)

யாரும் எச்சரிக்காதது குளிர். சியெர்ரா நெவாதா அடிவாரம், கிட்டத்தட்ட 700 மீட்டர் உயரம். எங்கள் வீட்டில் ஒரு வட்ட மேசை, தரைவரை தொங்கும் தடித்த துணி, அடியில் ஒரு மின்கணப்பு. நாலு பேரும் காலை உள்ளே விட்டுத்தான் படிக்கிறோம், முழங்கால் வேகிறது, முதுகு விறைக்கிறது.