கொஞ்ச நேரம் சும்மா உட்கார ஒரு இடம்

பாளைக்காரன்:
போன மாசம் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். உறவுக்காரங்க காத்திருக்கிற ஹாலில் நாலு மணி நேரம் இருந்தேன். வரிசையா இரும்பு நாற்காலி, எல்லாம் டிவியைப் பார்த்து. டிவியில் ஒருத்தி அழுதுக்கிட்டே இருந்தா. நடுநடுவே டோக்கன் நம்பர் கூப்பிடும் ஸ்பீக்கர். ஒவ்வொரு நம்பருக்கும் திக்குனு இருக்கும்.

மூலையில் ஒரு கதவில் ‘தியான அறை’ன்னு போர்டு. ஆசையா திறந்தேன். நாலு ஆக்சிஜன் சிலிண்டர், ஒரு மாப்பு, கால் ஒடிஞ்ச ஸ்டூல்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, அம்மா மயக்கம் தெளிய நேரமாகும்னு சொன்னாவ. சித்தப்பா, “வாடே, டவுன் வரைக்கும் போயிட்டு வந்துருவோம்”னு நெல்லையப்பர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. சாமி கும்பிட்டதைவிட, சங்கிலி மண்டபத்தில் உட்கார்ந்ததுதான் மனசுல நிக்குது. காந்திமதி அம்மன் கோயிலையும் சுவாமி கோயிலையும் இணைக்க 1647-ல் வடமலையப்ப பிள்ளையன் கட்டினது. வெயிலில் இருந்து உள்ளே போனதும் கண் இருட்டிக்கிட்டு வரும். பார்வை பழகுறதுக்குள்ள நடை தானா மெதுவாயிரும். தூணில் முதுகைச் சாய்ச்சேன். சட்டையைத் தாண்டி கல்லோட குளிர்ச்சி ஏறுச்சு. அப்பதான் காலையில இருந்து தோளைத் தூக்கி வச்சிக்கிட்டே இருந்திருக்கேன்னு தெரிஞ்சது. உங்களுக்கு இப்படி எங்கேயாவது அமைஞ்சிருக்கா?

அம்பை டு ஹெல்சிங்கி:
அண்ணாச்சி, இங்க காம்ப்பின்னு ஒரு இடம். மெட்ரோ, பஸ் ஸ்டாண்டு, கடைகள்னு நம்ம ஜங்ஷன் மாதிரி ஜேஜேன்னு இருக்கும். அதுக்கு நடுவுல மரத்தாலேயே ஒரு பெரிய கிண்ணம் மாதிரி கட்டி வச்சிருக்காவ. 2012-ல் திறந்த மௌனச் சிற்றாலயம். உயரம் பதினொன்றரை மீட்டர். சுவத்துல ஒரு ஜன்னல் கிடையாது. மேலே கூரையோரம் சுத்தி வழியிற வெளிச்சம்தான். பூசை, கல்யாணம் எதுவும் நடக்காது, யாரும் போய் உட்காரலாம். பேச ஆள் வேணும்னா அதுக்கும் ஆள் இருக்காவ. வேலை போன வாரத்துல தினம் போவேன். என்ன ஏதுன்னு யாரும் கேக்கல.

கொத்தனார் மகன்:
நான் இன்டீரியர் வேலை பாக்கேன். வழவழ டைல்ஸ், கண்ணாடி, ஜிப்சம் சீலிங், மூணும் சத்தத்தை வாங்காது, திருப்பி அடிக்கும். அந்த ஹால்ல பத்து பேர் பேசினா அம்பது பேர் பேசின மாதிரி கேக்கும். இத்தோட டிவி வேற!

1984-ல் ரோஜர் உல்ரிச் ‘சயின்ஸ்’ இதழில் எழுதின ஆய்வு ஒண்ணு உண்டு. பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரி, உங்க அம்மாவுக்குச் செஞ்ச அதே பித்தப்பை ஆபரேஷன். ஜன்னல் வழியா மரம் தெரிஞ்ச 23 பேர், செங்கல் சுவர் தெரிஞ்ச 23 பேரைவிட சீக்கிரம் வீடு திரும்பினாங்க. வலிக்கு வீரியமான மருந்தும் குறைவாத்தான் தேவைப்பட்டுச்சு.

இதைச் சொல்லித்தான் இங்க ஒரு கிளினிக்கில் நாற்காலியை எல்லாம் வேப்பமரம் பக்கம் திருப்பினேன். செலவு ஒரு பைசா இல்ல. சுவரோரம் ஆச்சி வீட்டுத் திண்ணை மாதிரி மேடையும், சாஞ்சிக்கத் திண்டும் கட்டலாம்னேன். டாக்டர் ஒரே பிடியா நின்னாரு: “திண்டு வச்சா படுத்துக்கிடுவாங்கல்லா?” படுக்கட்டும் சார், ராத்திரி பூரா முழிச்சிட்டு வந்தவங்கதானேன்னேன். மேடைக்கு மட்டும் ஒத்துக்கிட்டாரு. இப்ப பையைத் தலைக்கு வச்சுப் படுத்துக்கிடுதாவ.

பாளைக்காரன்:
நேத்து தையல் பிரிக்கப் போனப்ப மேனேஜர்கிட்ட கேட்டே விட்டேன், அந்த அறையைத் திறந்து ஒரு பாய் விரிச்சாக்கூடப் போதுமேன்னு. ரொம்ப மரியாதையாத்தான் பேசினாரு. “நல்ல யோசனை தம்பி. சிலிண்டரை எங்கே வைக்க?”